மே மாதம் முழுக்கப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு என்ன செய்தீர்கள்? (தென்காசி, செங்கோட்டை பக்கம்)

இலஞ்சிக்காரி:

இலஞ்சியில் இருந்து எழுதுகிறேன். மகளுக்கு 11 வயது, மகனுக்கு 7. வீட்டுக்காரர் ஷார்ஜாவில். நான் தென்காசியில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன். காலை ஒன்பதரைக்குப் போனால் வீடு திரும்ப ஆறரை ஆகிவிடும். ஞாயிறு மட்டும் லீவு. வீட்டில் மாமியார் இருக்கிறார்கள். முழங்கால் வலி, பிள்ளைகள் பின்னால் நடமாட முடியாது. அதனால் போனை எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. அந்த இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்வேன்.

பரீட்சை முடிந்து பத்து நாள்தான் ஆகிறது. மகன் ஒரு நாளைக்கு நாலு தடவை "போர் அடிக்குது" என்கிறான். மகள் அதைக்கூடச் சொல்வதில்லை, அறைக்குள் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்கிறாள். போன வருஷம் மே நடுவில் ஆசை ஆசையாகக் குற்றாலம் கூட்டிப் போனேன். பேரருவியில் பாறைதான் இருந்தது, ஒரு ஓரத்தில் கொஞ்சம் ஈரம். "இதுல எங்கம்மா குளிக்கிறது?" என்று கேட்டான். நேந்திரங்காய் சிப்ஸ் வாங்கித் தின்றுவிட்டுத் திரும்பினோம்.

மொத்தம் ஐயாயிரம் ரூபாய் ஒதுக்கலாம். கோடை முகாமில் சேர்க்கலாமா? கேரளா பக்கம் கூட்டிப்போனால் எங்கே போகலாம்? உங்கள் வீட்டில் எது எடுபட்டது, எது எடுபடவில்லை என்று சொல்லுங்கள். "பிள்ளைகளோடு நேரம் செலவழியுங்கள்" என்று மட்டும் யாரும் எழுத வேண்டாம். அந்த நேரம்தான் என்னிடம் இல்லை.

பிரானூர் கணக்குப்பிள்ளை:

தங்கச்சி, எனக்கும் இதே கணக்குதான். மகளுக்கு 10, மகனுக்கு 7. நான் பிரானூரில் ஒரு மர அறுவை மில்லில் கணக்கு எழுதுகிறேன், வீடு செங்கோட்டை. வீட்டில் அவள் தையல். மே மாதம் பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்கிற மாதம். மெஷின் பக்கம் யாரும் வரக் கூடாது, வெட்டிப் போட்ட துணியை மிதிக்கக் கூடாது, ஃபேனை வேகமாக வைக்கக் கூடாது. கத்திரி வெயிலில் அந்த வீட்டுக்குள் இரண்டு பிள்ளைகள். யோசித்துப் பாருங்கள்.

போன மே முதல் தேதி மகளிடம் ஒரு வேலை கொடுத்தேன். தினசரி காலண்டரில் கிழிக்கிற தாளின் பின்பக்கம் அன்றைக்கு நடந்ததை ஒரு வரி எழுத வேண்டும். 31 தாளும் கிளிப் போட்டு இதோ என் மேஜையில் இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். என் ஞாபகத்தை நம்பி எழுதினால் எல்லாம் பிரமாதமாக நடந்தது என்றுதான் எழுதியிருப்பேன்.

முதலில் எடுபடாதவை. கோடை முகாம். பத்து நாள், ஒரு பிள்ளைக்கு 900 ரூபாய். கையெழுத்துப் பயிற்சி, யோகா, களிமண் பொம்மை என்று நோட்டீஸில் போட்டிருந்தார்கள். மே 5-ஆம் தேதித் தாளில் மகள் எழுதியிருக்கிறாள்: "இன்றும் கார்ட்டூன் போட்டார்கள். இதை வீட்டிலேயே பார்க்கலாம்." ஆறாம் நாள் நிறுத்திவிட்டோம். மீதிப் பணத்தைக் கேட்க எனக்குக் கூச்சம். என் மனைவிக்குக் கூச்சம் இல்லை, ஆனாலும் கிடைக்கவில்லை. உங்கள் ஐயாயிரத்தில் கையை வைக்கும் முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

சினிமா ஒரு நாள். இடைவேளைக்குப் பிறகு மகன் தூங்கிவிட்டான். பாப்கார்ன் விலையைத் தாளில் எழுதி மகள் இரண்டு கோடு போட்டிருக்கிறாள். அவ்வளவுதான் அது.

எடுபட்டதற்கு வருகிறேன். என் தங்கையைக் கேரளாவில், புனலூரில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். 2012-இல் கல்யாணம். அப்போது நமக்கு ரயில் கிடையாது. மீட்டர் கேஜ் பாதையை 2010-இல் நிறுத்தினவர்கள், அகலப் பாதையாக்கி முழுசாக ஓடவிட 2018 ஆகிவிட்டது. அத்தனை வருஷமும் வழியில் இருக்கிற ஆரியங்காவு மலை வளைவுகளில் பஸ்ஸில் போய்ப் பழகி, ரயில் வந்த பிறகும் பஸ்ஸிலேயே போனதில், மகன் பிறந்த பிறகு புனலூர் என்றாலே கையில் பாலித்தீன் பை என்று ஆகிவிட்டது. பஸ்ஸில் எல்லையில் இருக்கிற கோட்டைவாசல் தாண்டவே மாட்டான், வாந்திதான்.

அதனால் போன மேயில் ரயில். முன்பதிவில்லாப் பெட்டி. செங்கோட்டையில் இருந்து புனலூர் ஐம்பது கிலோமீட்டர்தான், ஆனால் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகும். மலைப்பாதை என்பதால் பின்னாலும் ஒரு இன்ஜின் மாட்டித் தள்ளிக்கொண்டு போவார்கள். பிள்ளைகளைச் சீக்கிரமே பிளாட்பாரத்துக்குக் கூட்டிப்போய் அதைக் காட்டுங்கள். என் மகன் ஓடிப் போய் வாலில் நின்ற இன்ஜினையும் தலையில் இருந்த இன்ஜினையும் பார்த்துவிட்டு வந்து, "ரெண்டும் சண்டை போட்டா ரயில் எங்க போகும்?" என்று கேட்டான். பதில் எனக்கு இன்னும் கிடைக்கவில்லை. பகவதிபுரம் தாண்டினால் நீளமான குகை. பெட்டி முழுக்கப் பிள்ளைகள் கத்துகிறார்கள், பெரியவர்கள் கத்தாதே என்று கத்துகிறார்கள். குகையின் அந்தப் பக்கம் வெளியே வந்தால் காற்றே வேறு. மழை இல்லாத மேயிலும் பச்சை.

கழுதுருட்டியில் பதிமூன்று கண் பாலம் வரும். 1904-இல் பாதை திறந்த காலத்துக் கல் பாலம். இதில் ஒரு சிக்கல். ரயிலில் இருந்தால் நாம் பாலத்தின் மேல் இருக்கிறோம், கண்ணை எண்ண முடியாது. மகன் எட்டிப் பார்த்து பதினொன்று என்றான், மகள் பெயரிலேயே பதிமூன்று இருக்கிறது என்றாள், புனலூர் வரை சண்டை. இரண்டு நாள் கழித்து மச்சான் தன் ஜீப்பில் திரும்பக் கூட்டிவந்து ரோட்டில் நிறுத்தி எண்ணச் சொன்னார். மூன்று தடவை எண்ணினான். அன்றைய தாள்: "பதிமூன்று. தம்பி மன்னிப்புக் கேட்கவில்லை."

நான் மறுநாளே திரும்பிவிட்டேன், மில்லில் லீவு இல்லை. பிள்ளைகள் எட்டு நாள் புனலூரில். தங்கைக்கு இரண்டு பையன்கள், 12-ம் 8-ம். கேரளாவில் ஏப்ரலிலேயே பள்ளிக்கூடம் பூட்டிவிடுகிறார்கள், ஆகவே அந்தப் பையன்கள் ஒரு மாதம் முன்னாலேயே சலித்துப்போய் யாராவது வரமாட்டார்களா என்று வாசலில் நின்றிருக்கிறார்கள். எட்டு நாள் தாள்களில் தூக்குப்பாலம் இருக்கிறது (கல்லடையாற்றின் மேல் ஆல்பர்ட் ஹென்றி என்ற இன்ஜினியர் கட்டியது, 1877, இப்போது நடப்பவர்களுக்கு மட்டும்). குளத்துப்புழை கோயில் ஆற்றில் மீனுக்குத் தீனி போட்டது இருக்கிறது. அது மகனுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. பெரிய பெரிய மீன் கையருகே வந்து வாயைத் திறக்குமாம், அதை நடித்துக் காட்டுவான். ஒரு தாளில் இது மட்டும்: "காலையில் சக்கைப் புழுக்கு. மத்தியானம் சக்கைத் தோரன். அத்தை நாளைக்கு சக்கைப் பாயசம் என்கிறாள். அப்பா எப்போ வருவீங்க?" அங்கே பலாப்பழத்துக்கு அதுதான் காலம், என்ன செய்வது. மகன் பாலரமா என்கிற மலையாளச் சிறுவர் புத்தகத்தில் படம் பார்த்தே மலையாள எழுத்தில் பாதி பிடித்துவிட்டான். அதில் வருகிற குட்டிச்சாத்தான் லுட்டாப்பி மாதிரி ஈட்டியில் உட்கார்ந்து பறக்கிறேன் என்று துடைப்பக்கட்டையில் ஏறி, அத்தையின் கறிவேப்பிலைச் செடி ஒன்று போயிற்று.

பிறகு நாலு பேரும் இங்கே. ஒன்பது நாள். ஊரையே கலக்கியது இந்த ஒன்பது நாள்தான், செலவு ஏறக்குறையப் பூஜ்யம். காரணம் என் அம்மா.

கரண்ட் போன ஒரு ராத்திரி, மாடியில் பாய் போட்டு எல்லாரும் படுத்திருந்தோம். அம்மா அரிசி கடத்திய கதையைச் சொல்ல ஆரம்பித்தாள். எனக்கே அது பாதிதான் தெரியும். எழுபதுகளின் தொடக்கத்தில் மாநிலம் விட்டு மாநிலம் அரிசி கொண்டுபோகத் தடை. கேரளாவில் அரிசிக்குத் தட்டுப்பாடு, அங்கே விலை அதிகம். இங்கே இருந்து பெண்கள் இடுப்பைச் சுற்றித் துணிப்பையில் மூன்று படி, நாலு படி கட்டிக்கொண்டு, அதன் மேல் சேலையைச் சுற்றி ரயில் ஏறுவார்கள். "அந்த ரயில்ல ஏறுன பொம்பளை அத்தனை பேரும் மாசமாத்தான் இருந்தோம்" என்றாள். ஆரியங்காவில் சோதனை. பிடிபடுவோம் என்று தெரிந்தால் ஸ்டேஷனுக்கு முன்பே மூட்டையைச் சன்னல் வழியாக உருட்டிவிட வேண்டும், பொறுக்கிக்கொள்ள ஆள் நிற்கும். ஒரு தடவை பை கிழிந்து, இவள் நடந்த வழியெல்லாம் அரிசி. பின்னாலேயே ஒரு கோழி. அந்தக் கோழிதான் காட்டிக்கொடுத்தது என்று இன்றைக்கும் அம்மாவுக்குக் கோபம்.

மறுநாள் காலையில் ஆட்டம் தயார். பெயர் "செக்போஸ்ட்". பின்வாசல் செங்கோட்டை, முன்வாசல் புனலூர், நடுவில் நடையில் ஆரியங்காவு. இரண்டு பேர் கடத்தல், இரண்டு பேர் போலீஸ். தலையணை என்றால் ஐந்து படி, துண்டு என்றால் ஒரு படி. போலீஸ் ஒரு ஆளைத் தொட்டுப் பார்க்கக் கூடாது, கேள்வி மட்டும் கேட்கலாம், அதுவும் மலையாளத்தில். பதிலும் மலையாளத்தில்தான். சிரித்தால் பிடிபட்டதாக அர்த்தம். என் மகளுக்குப் பதினைந்து வார்த்தைதான் தெரியும், அதை வைத்துக்கொண்டு இரண்டு தலையணை கடத்தினாள். தெருப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் சேர்ந்துவிட்டார்கள். சிக்கலான வழக்கு வந்தால் அம்மாதான் நீதிபதி. நாற்காலியில் உட்கார்ந்த இடத்திலேயே தீர்ப்பு. உங்கள் மாமியாருக்கு முழங்கால் வலி என்றீர்களே, அதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

விபத்தும் உண்டு. மகன் உண்மையான அரிசி இரண்டு படியை, தைக்க வந்திருந்த யூனிஃபார்ம் துணியில் கட்டி, அது அவிழ்ந்து, வெட்டிவைத்த முப்பது சட்டைத் துணியின் மேல் கொட்டிற்று. அன்றைய தாளில் மகள் ஒன்றும் எழுதவில்லை. வெறும் தாள்.

31-ஆம் தேதி, பிடித்ததில் முதல் மூன்றை எழுதச் சொன்னேன். ஒன்று செக்போஸ்ட். இரண்டு குகை. மூன்று, "அம்மா ஒரு நாள் தைக்காமல் எங்களோடு தாயம் விளையாடியது." அது எந்தத் தேதி என்று தேடினேன். 19. ஊசி உடைந்து, புது ஊசி வாங்கக் கடை திறக்காத ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்.

புனலூர் மருமகள்:

அண்ணாச்சி எழுதியதைப் படித்து வாய்விட்டுச் சிரித்தேன். நானும் தென்காசியில் பிறந்து புனலூரில் வாழ்க்கைப்பட்டவள், சக்கை விஷயத்தில் உங்கள் மகளின் கஷ்டம் எனக்கு நன்றாகவே தெரியும். சில காரியங்கள் மட்டும் சேர்க்கிறேன், அக்கா.

குளத்துப்புழைக்குப் போகும்போது பரோட்டா, பிஸ்கட் என்று கையில் இருப்பதை எல்லாம் மீனுக்குப் போடாதீர்கள். மீனூட்டு அங்கே வழிபாடு, கோயில் பக்கத்திலேயே கேட்டு வாங்கிப் போடுங்கள். படி வழுக்கும், சின்னவன் கையை விடாதீர்கள்.

தென்மலை போவதானால் காலையிலேயே போய்விடுங்கள். அணையில் படகு உண்டு, செந்துருணி சரணாலயத்துக் காட்டை ஒட்டிப் போகும். அந்தக் காட்டுக்கே செந்துருணி என்கிற மரத்தின் பெயர்தான். உங்கள் மகளுக்கு 11 வயது என்றால் இந்தப் படகும் காடும்தான் பிடிக்கும், பொம்மை வைத்த பார்க் பிடிக்காது. பையைக் குரங்கு பறிக்கும். போன தடவை என் நாத்தனாரின் கண்ணாடி போயிற்று. மரத்தின் மேல் உட்கார்ந்து அது போட்டுப் பார்த்ததை வீடியோ எடுத்தோமே தவிர, திரும்ப வாங்க முடியவில்லை. பாலருவி பார்க்க ஆசைப்படாதீர்கள், வேனலில் தண்ணீர் குறைந்தால் மூடிவிடுவார்கள். ஆரியங்காவில் இறங்கினால் டீக்கடையில் சுடச்சுடப் பழம்பொரி (நேந்திரம்பழ பஜ்ஜி) சாப்பிடுங்கள், அது போதும்.

இன்னொன்று. இங்கே ஜூன் முதல் தேதி வாக்கில் பள்ளிக்கூடம் திறந்துவிடும். மே கடைசி வாரம் எந்த வீட்டிலும் பை, குடை, நோட்டுக்கு அட்டை போடுவது என்று ரகளையாக இருக்கும். சொந்தக்காரர் வீட்டுக்குப் பிள்ளைகளை அனுப்புவதானால் 20-ஆம் தேதிக்குள் முடித்துக்கொள்ளுங்கள். முகத்தைச் சுளிக்காமல் சோறு போடுவார்கள்.

மேலகரம் ராணி:

எல்லாருக்கும் புனலூரில் தங்கை இருப்பாளா? எனக்கு இல்லை. ஜீப் வைத்திருக்கிற மச்சானும் இல்லை. கணக்குப்பிள்ளை அண்ணாச்சி கோபித்துக்கொள்ள வேண்டாம், கதை நன்றாக இருக்கிறது, ஆனால் கேள்வி கேட்டவர் ஞாயிறு தவிர வீட்டிலேயே இல்லாத பெண்.

நான் தனியாகப் பையனை வளர்க்கிறேன். அவனுக்கு இப்போது 13. மூன்று மே மாதம் ஓட்டிவிட்டேன். காலையில் வெயில் ஏறுமுன் மாடியில் கூழ்வற்றல் பிழிந்துவிட்டு வேலைக்குப் போவேன். காக்கா விரட்டுவது அவன் பொறுப்பு. ஒரு பக்கெட் கூழுக்கு இருபது ரூபாய் கூலி. முதல் வருஷம் பாதியைக் காக்கா தின்றது. இரண்டாம் வருஷம் அவனே பழைய கேசட் நாடாவைக் கட்டிக் காற்றில் ஆடவிட்டுவிட்டு, நிழலில் உட்கார்ந்து படித்தான். மூன்றாம் வருஷம் பக்கத்து வீட்டுப் பையனுக்கு ஐந்து ரூபாய் கொடுத்து அவனை உட்கார வைத்துவிட்டு இவன் கிரிக்கெட்டுக்குப் போய்விட்டான். திட்டினேன், ஆனால் உள்ளுக்குள் இவன் பிழைத்துக்கொள்வான் என்று இருந்தது.

தென்காசியில் நூலகம் இருக்கிறது. உங்கள் கடைக்கு வரும் வழியில் மகளைக் கொண்டுவந்து விடுங்கள், மதியம் உங்களோடு சாப்பிடட்டும். துளிர் மாதிரி அறிவியல் இதழ் கிடைத்தால் எடுத்துக் கொடுங்கள். அறைக்குள் படுத்துக்கொள்கிற பிள்ளைக்கு வெளியே ஒரு நாற்காலி வேண்டும். வீட்டில் எல்லாரும் "என்ன ஆச்சு" என்று கேட்டுக்கொண்டே இருந்தால் இன்னும் சுருண்டுகொள்ளும்.

குற்றாலம் பற்றி ஒரே ஒரு வார்த்தை. தண்ணீர் இல்லை என்று ஏமாந்தீர்கள், சரி. கோடை மழை பெய்து திடீரென்று தண்ணீர் வந்தது என்று யாராவது சொன்னால் உடனே ஓடாதீர்கள். 2024 மே 17 பழைய குற்றாலத்தில் அப்படித்தான் ஒரு நிமிஷத்தில் வெள்ளம் வந்து 17 வயதுப் பையன் ஒருவன் போய்விட்டான். மலைக்கு மேலே பெய்கிற மழை கீழே நிற்கிறவர்களுக்குத் தெரியாது. ஜூனில் சாரல் பிடிக்கட்டும், சீசன் எங்கேயும் போய்விடாது. நாம் உள்ளூர்க்காரர்கள், பஸ்ஸில் ஏறினால் அருவி.

பிரானூர் கணக்குப்பிள்ளை:

ராணி சொல்வது நியாயம்தான். கோபம் ஒன்றும் இல்லை. ஆனால் தங்கை வேண்டும் என்று நான் சொல்லவில்லை, கூட விளையாட இன்னும் இரண்டு பிள்ளைகள் வேண்டும் என்கிறேன். அது அடுத்த தெருவில் கூடக் கிடைக்கும். ஒரு வாரம் இவர்கள் வீட்டில் நாலு பேர், ஒரு வாரம் அவர்கள் வீட்டில் நாலு பேர். சோற்றுச் செலவு சமமாகிவிடும். காக்கா விரட்டக் கூலி வைத்த யோசனையை நான் இந்த வருஷம் எடுத்துக்கொள்கிறேன்.

இலஞ்சிக்காரி:

எல்லாருக்கும் நன்றி. முகாமுக்குப் பணம் கட்டவில்லை. மகளை நாளையில் இருந்து நூலகத்துக்குக் கூட்டிப்போகிறேன், கேட்டதும் "டிபன் பாக்ஸ்ல புளியோதரை வைப்பியா?" என்று கேட்டாள். பத்து நாளில் அவள் பேசிய நீளமான வாக்கியம் இதுதான். கடையில் என்னோடு வேலை பார்க்கும் பெண்ணுக்கும் இரண்டு பிள்ளைகள், குத்துக்கல்வலசை. ஆளுக்கு ஒரு வாரம் என்று பேசிக்கொண்டோம். வருகிற ஞாயிறு நாலு பேரையும் அழைத்துக்கொண்டு ரயிலில் புனலூர் போய்த் தூக்குப்பாலம் பார்த்துவிட்டுத் திரும்புகிறோம். மகனுக்கு இப்போதே ஒரே கேள்வி, பின்னால் இருக்கிற இன்ஜினுக்கு டிரைவர் உண்டா என்று. உண்டு என்று சொல்லிவிட்டேன், சரிதானே அண்ணாச்சி?

அரிசிக் கதையை வாசித்துவிட்டு மாமியாரிடம், "நீங்களும் அந்தக் காலத்தில் ரயிலில் போயிருக்கிறீர்களா அத்தை?" என்று கேட்டேன். "எனக்கு என்ன தெரியும்" என்று எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார்கள். ராத்திரி பேரனுக்குச் சோறு ஊட்டும்போது அவன் காதில் மட்டும் ஏதோ சொல்லியிருக்கிறார்கள். படுக்கப் போகும்முன் ஓடி வந்து என்னிடம் சொன்னான்: "அம்மா, அஞ்சு படியாம். ஒரு தடவை கூடப் பிடிபடலையாம். யார்கிட்டயும் சொல்லக் கூடாதாம்."